எழுதியவர் கையில் எது மிஞ்சுகிறது? பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படைகள்

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் புத்தகக் காட்சி பார்க்கப் போகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். கல்கியின் சரித்திர நாவல்கள் திரும்பிய பக்கமெல்லாம் கிடைக்கும். ஒரு கடையில் மலிவுத் தாளில், அடுத்த கடையில் கெட்டி அட்டையும் ஓவியங்களுமாக. விலையும் கடைக்குக் கடை வேறு. ஜெயகாந்தனின் நாவலைக் கேட்டால் அப்படி இல்லை. "அது இன்ன பதிப்பகம், அந்த வரிசையில் பாருங்க" என்று கை காட்டுவார்கள். இருவருமே வாசகர்கள் தேடி வாங்கும் எழுத்தாளர்கள்தான். ஒருவரின் எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், இன்னொருவரின் எழுத்தை உரிமை பெற்றவர் மட்டுமே அச்சிடலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. இடையில் பல முறை திருத்தப்பட்டது. படைப்பாளிகளைப் பொறுத்தவரை 2012ஆம் ஆண்டுத் திருத்தம்தான் பெரியது. கதை, கவிதை, நாடகம், இசை, ஓவியம் போன்றவற்றுக்குப் படைத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. அந்த 60 ஆண்டை இறந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது, அடுத்து வரும் ஜனவரி 1இலிருந்து எண்ண வேண்டும். கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். ஆகவே 2014 டிசம்பர் 31உடன் காலம் முடிந்தது. அதற்கு முன்பே, 1990களின் இறுதியில், தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஜெயகாந்தன் மறைந்தது 2015இல். 2075 முடியும்வரை அவர் எழுத்து அவருடைய வாரிசுகளின் சொத்து, அல்லது அவர்கள் எழுதிக்கொடுத்தவர்களின் சொத்து. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் கணக்கு வேறு. யார் எப்போது இறந்தார் என்று பார்ப்பதில்லை. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு.

முதலில் இது 50 ஆண்டாகத்தான் இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் எழுத்துகள் 1991உடன் பொதுவுக்கு வந்துவிடும் என்ற நிலை வந்தபோது 60 ஆக நீட்டினார்கள். அது சரியான முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை. தாகூரின் நூல்களைத் தொடர்ந்து அச்சிட ஒரு நிறுவனம் இருந்தது. அதே காலத்துத் தமிழ் எழுத்தாளர்கள் எத்தனையோ பேரின் புத்தகங்களை அச்சிட ஆளே இல்லை, ஆனாலும் கூடுதலாகப் பத்து ஆண்டு அவை பூட்டிக் கிடந்தன. அனுமதி கேட்கலாம் என்றால் வாரிசு எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. பழைய புத்தகங்களை மறுபதிப்பு செய்ய நினைக்கிறவர்கள் இன்றும் முட்டிக்கொள்ளும் இடம் இது. அச்சில் இல்லை என்பதால் உரிமையும் இல்லை என்று ஆகாது.

பாரதி முதல் நாட்டுடைமை வரை

இந்தப் பூட்டைத் திறக்கத் தமிழ்நாடு தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் தொடக்கம் பாரதி.

பாரதி 1921இல் இறந்தபோது விட்டுப்போனது பாடல்களையும் கடனையும்தான். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் எழுத்தின் உரிமைகள் பல கைகளுக்குப் போயின. பாடல்களை ஒலிப்பதிவிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி.எம். பட நிறுவனத்தின் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. அதில் சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் இல்லை. விலை கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் தேசமே பாடும் பாட்டு ஒருவர் கையில் இருப்பதை எழுத்தாளர்களாலும் நாடகக்காரர்களாலும் ஏற்க முடியவில்லை. பாரதியை விடுதலை செய்யுங்கள் என்று குரல் எழுந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு குடும்பத்திடமிருந்து உரிமையை வாங்கியது. மெய்யப்பச் செட்டியார் தன்னிடம் இருந்ததைப் பணம் வாங்காமலேயே விட்டுக்கொடுத்தார். 1950களில் பாரதியின் எழுத்து எல்லோருக்கும் பொதுவானது. சட்டப்படி காத்திருந்தால் 1971 முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அந்த வழியிலேயே இன்றுவரை நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டிருக்கின்றன. அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுக்கிறது, அதற்குப் பிறகு யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ராயல்டி தர வேண்டியதும் இல்லை. கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இவற்றில் பலவற்றை இலவசமாகவே படிக்கலாம்.

இதில் பலர் தவறிவிடும் ஒரு இடம் உண்டு. பாரதி பாடல் பொது, ஆனால் பாரதி பாடலுக்கு ஒருவர் சென்ற ஆண்டு எழுதிய உரை பொது அல்ல. ஆய்வாளர் ஒருவர் பழைய இதழ்களைத் தேடிப் பாடம் ஒப்பிட்டு, முன்னுரையும் அடிக்குறிப்பும் எழுதிச் செம்பதிப்பு கொண்டுவந்தால், அந்த முன்னுரையும் குறிப்புகளும் அவருடையவை. மூலத்தை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்து விற்க முடியாது. மொழிபெயர்ப்புக்கும் இதே விதிதான். திருக்குறளுக்கு உரிமையாளர் இல்லை. அதை இன்று ஆங்கிலத்தில் பெயர்த்தவருக்கு அந்த ஆங்கில வரிகளின் மீது உரிமை உண்டு.

கருவுக்கு இல்லை, எழுத்துக்கு உண்டு

கோடம்பாக்கத்தில் ஆண்டுதோறும் எழும் பேச்சு, "என் கதையைத் திருடிவிட்டார்கள்" என்பது. சில சமயம் அது முழு உண்மை. சில சமயம் சட்டம் கைகொடுக்க முடியாத உண்மை.

பதிப்புரிமை ஒரு கருவைக் காப்பதில்லை, அந்தக் கரு எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதைத்தான் காக்கிறது. கிராமத்து இளைஞன் நகரத்துக்கு வந்து அரசியல்வாதியை எதிர்க்கிறான் என்பது யாருக்கும் சொந்தமில்லை. அவன் வந்து இறங்கும் காட்சி, அவன் பேசும் வசனம், சம்பவங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வரிசை, பாத்திரங்களுக்கிடையே இருக்கும் உறவு ஆகியவை சேர்ந்துதான் ஒருவருடைய படைப்பாகின்றன. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் உரைகல் கொடுத்தது. நாடக ஆசிரியர் ஒருவர் தன் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கு அது. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, பின்னால் வந்தது முன்னதன் நகல்தான் என்று சந்தேகமில்லாமல் தோன்ற வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த நாடக ஆசிரியர் தோற்றார். கரு ஒன்றாக இருந்தாலும் சொன்ன விதம் வேறு என்பது தீர்ப்பு.

உதவி இயக்குநர்களுக்கு இது கசப்பாக இருக்கும். ஒரு வரிக் கதையைத் தேநீர்க் கடையில் நின்று சொல்லிவிட்டு, அது படமாக வந்தபின் வழக்குப் போட்டால் நிற்காது. முழுத் திரைக்கதையாக எழுதி, யாரிடம் என்று கொடுத்தோம் என்பதற்குச் சான்று வைத்திருந்தால்தான் நிற்கும். அதற்காகத்தான் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவு உரிமையை உண்டாக்குவதில்லை, இன்ன தேதியில் இந்த எழுத்து இவரிடம் இருந்தது என்று காட்டுகிறது. தனக்குத் தானே அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருக்கும் பதிவுத் தபாலும் அதே வேலையைத்தான் செய்யப் பார்க்கிறது, ஆனால் சங்கப் பதிவைவிட பலவீனமாக. மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி இரண்டையும்விட எளிது. தேதி, நேரம், பெற்றவர் எல்லாம் அதிலேயே இருக்கும்.

அப்படியானால் உரிமை எப்போது பிறக்கிறது? எழுதி முடித்த கணத்தில். எங்கும் விண்ணப்பிக்க வேண்டாம், வட்டத்துக்குள் இருக்கும் அந்த 'சி' எழுத்தைப் போட வேண்டியதும் இல்லை. பதிப்புரிமைக்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928இலிருந்து இருக்கிறது. அந்த உடன்படிக்கையின் அடிப்படையே, சடங்கு எதுவும் இல்லாமல் உரிமை பிறக்க வேண்டும் என்பதுதான். விருப்பமிருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். வழக்கில் அது முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். சாதாரண எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்தபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. கிண்டியில் இருக்கும் அறிவுசார் சொத்து அலுவலகத்துக்குக் கையெழுத்துப் பிரதியோடு போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. கிண்டி காப்புரிமைக்கும் வணிகச் சின்னத்துக்கும் புவிசார் குறியீட்டுக்கும்தான். பதிப்புரிமை அலுவலகம் நாட்டுக்கே ஒன்று, டெல்லியில். விண்ணப்பம் இணையத்தில் போடலாம்.

தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2015இல் உச்ச நீதிமன்றம் ஒரு படத் தலைப்பு வழக்கில் அதைத் தெளிவாகவே சொன்னது. திரைத்துறையில் தலைப்பைப் பதிவு செய்வதெல்லாம் சங்கங்களுக்குள் இருக்கும் ஒழுங்கு.

ஒரு படைப்பு, பல உரிமைகள்

பதிப்புரிமை என்பது ஒரே உரிமை என்று நினைப்பதில்தான் பாதிச் சண்டைகள் தொடங்குகின்றன. ஒரு நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிடுவது ஓர் உரிமை. மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, மேடை நாடகம், திரைப்படம் ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. தோப்பைக் குத்தகைக்கு விட்டவர் நிலத்தைக் கிரயம் செய்து கொடுத்ததாக ஆகாது. அச்சு உரிமையை ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தவரிடம் மற்றதெல்லாம் மிஞ்சியிருக்கிறது, தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடாத வரை.

இதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் 'ஆரண்ய காண்டம்' வழக்கில் அழகாகப் பிரித்துக் காட்டியது. இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவே திரைக்கதையும் எழுதியவர். படத்தை வேறு மொழிகளில் டப்பிங் செய்யவும் ரீமேக் உரிமையை விற்கவும் தயாரிப்பு நிறுவனம் முனைந்தபோது அவர் நீதிமன்றம் போனார். படம் தயாரிப்பாளருடையது, அதன் ஒலியை வேறு மொழிக்கு மாற்றுவது படத்தின் மீதான உரிமையில் அடங்கும், ஆகவே டப்பிங் செய்யலாம் என்றது அமர்வு. ஆனால் ரீமேக் என்பது திரைக்கதையை எடுத்து இன்னொரு படம் செய்வது. திரைக்கதையின் உரிமையை எழுதியவர் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்கவில்லை. ஆகவே அவர் அனுமதி இல்லாமல் முடியாது. திரைக்கதை எழுதுகிற எவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தத் தீர்ப்பின் சாரத்தையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாட்டு இன்னும் சிக்கல். ஒரு திரைப்பாடலில் குறைந்தது மூன்று படைப்புகள் இருக்கின்றன. வரிகள் கவிஞருடையவை, மெட்டு இசையமைப்பாளருடையது, பதிவான ஒலி அதைத் தயாரித்தவருடையது. பாடகருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக உண்டு, அது 50 ஆண்டு. ஆனால் 1977இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், படத்துக்காகத் தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதவும் இசையமைக்கவும் வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று சொல்லிவிட்டது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டு தமிழ்த் திரையிசை முழுவதும் அந்த நிழலில்தான் நடந்தது. பாட்டு தேநீர்க் கடையிலும் பேருந்திலும் ஓடிக்கொண்டிருக்கும், எழுதியவர் வீட்டுக்கு ஒரு காசு வராது. ஒருமுறை வாங்கிய சம்பளத்தோடு சரி.

2012 திருத்தம் இதை மாற்றியது. கவிஞரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை, வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர, வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஓடுவதைத் தவிர்த்து, மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் உரிமை பெற்றவரோடு சமபங்கு ராயல்டி உண்டு. "எனக்கு ராயல்டி வேண்டாம்" என்று கையெழுத்து வாங்கினாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. பேரம் பேச பலமில்லாத இளம் கவிஞரை அவருடைய சொந்தக் கையெழுத்திலிருந்தே காப்பாற்றும் விதி இது. இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். இளையராஜாவின் பாடல்களைச் சுற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக நடக்கும் வழக்குகளைச் செய்தியில் படிக்கிறவர்கள், அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்றோ நிறுவனங்கள் ஏமாற்றுகின்றன என்றோ ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். திருத்தத்துக்கு முந்தைய பாடல்கள், அந்தக் காலத்து ஒப்பந்தங்கள், எந்த உரிமை யாரிடம் போனது என்ற கேள்வி என்று ஒவ்வொரு வழக்கிலும் பிரித்துப் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எழுத்தில் இல்லாதது கைமாறவில்லை

தமிழ்ப் பதிப்புலகில் ஒப்பந்தம் என்பது பல சமயம் ஒரு கைகுலுக்கல்தான். "பார்த்துச் செய்யுங்க சார்" என்று எழுத்தாளர் சொல்வார், "புத்தகக் காட்சிக்குள்ள கொண்டுவந்துடலாம்" என்று பதிப்பாளர் சொல்வார். நல்ல மனிதர்கள் இருவருக்கும் இடையே பத்து ஆண்டு இப்படியே ஓடிவிடும். பதிப்பாளரின் மகன் பொறுப்புக்கு வரும்போதோ எழுத்தாளர் மறையும்போதோதான் யாரிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி வரும்.

சட்டம் இங்கே எழுத்தாளர் பக்கம் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரின் கையெழுத்து இருக்க வேண்டும். வாய்மொழியாகக் கொடுத்தது கைமாறியதாகவே ஆகாது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான், சிங்கப்பூரும் மலேசியாவும் இலங்கையும் எழுத்தாளரிடமே இருக்கின்றன. உரிமையை வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்படாத பட்சத்தில், அந்த உரிமை தானாகவே காலாவதி ஆகிறது. கையெழுத்துப் போடும் நாளில் உலகில் இல்லாத ஒரு ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் ஒழிய, உரிமை போகாது. இந்தக் கடைசி விதி 2012இல் வந்தது. அதற்கு முந்தைய ஒப்பந்தங்களில் மின்நூலும் ஒலிநூலும் யாருடையவை என்பது இன்னும் வாதத்துக்குரிய விஷயம்.

ஆகவே ஒப்பந்தத்தில் "அனைத்து உரிமைகளையும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும்" என்ற வரி வந்தால் நிறுத்திப் படிக்க வேண்டும். சட்டம் கொடுத்த எல்லா இயல்பான பாதுகாப்பையும் அந்த ஒரே வரி நீக்கிவிடுகிறது. அதை அடித்துவிட்டு, "தமிழில் அச்சு வடிவம், ஐந்து ஆண்டு, இத்தனை சதவீதம்" என்று கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. நல்ல பதிப்பாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

எழுத்தில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரியார் எழுத்துகள் பற்றிய வழக்கைப் பார்க்கலாம். 'குடிஅரசு' இதழில் பெரியார் எழுதியவற்றையும் பேசியவற்றையும் பெரியார் திராவிடர் கழகம் தொகுத்து வெளியிட முனைந்தபோது, பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் உரிமை தன்னுடையது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2009இல் தனி நீதிபதி தடை விதிக்க மறுத்தார், 2010இல் அமர்வும் அதையே உறுதி செய்தது. பெரியார் தொடங்கிய நிறுவனம் என்பது மட்டும் போதவில்லை. பதிப்புரிமை கைமாறியதை ஆவணம் காட்ட வேண்டும்.

இதழ்களில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. வெளியிலிருந்து கதை அனுப்புகிறவரின் கதை, வேறு எதுவும் எழுதிக்கொடுக்காதவரை, அவருடையதே. இதழ் வாங்குவது அச்சிடும் அனுமதியை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பத்திரிகையாளருக்கு நிலைமை கொஞ்சம் வேறு. பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிறுவனத்துடையது, ஆனால் மாற்று ஒப்பந்தம் இல்லை என்றால் அந்தக் கட்டுரைகளைப் புத்தகமாக்கும் உரிமை எழுதியவருடையது. மற்ற வேலைகளில் அப்படி இல்லை. மென்பொருள் நிறுவனத்தில் எழுதிய நிரலும் விளம்பர நிறுவனத்தில் எழுதிய வாசகமும் முதலாளியுடையவை.

எல்லாவற்றையும் விற்றுவிட்டாலும் ஒன்று எழுதியவரிடமே இருக்கும். இதை எழுதியது நான்தான் என்று சொல்லும் உரிமையும், தன் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்துச் சேதப்படுத்தியபோது, அது அரசுக்கே சொந்தமான சிற்பம் என்ற வாதம் எடுபடவில்லை. 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பி பக்கம் தீர்ப்பளித்தது.

கல்யாண மண்டபத்திலும் கச்சேரி மேடையிலும்

நாம் எல்லோரும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். கல்யாண ஆல்பம் யாருடையது? பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருடையது. மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை, புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் முதல் உரிமையாளர் அந்தக் குடும்பம்தான். மணப்பெண்ணின் படத்தைத் தன் கடை விளம்பரத்தில் போட ஸ்டுடியோ அனுமதி கேட்க வேண்டும். இதனால்தான் இப்போது பல ஸ்டுடியோக்கள் முன்பணம் வாங்கும்போதே ஒரு தாளில் கையெழுத்து வாங்குகின்றன. அந்தத் தாளைப் படியுங்கள்.

மண்டபத்தில் பாட்டுப் போட உரிமம் வேண்டுமா என்பது அடுத்தது. மதச் சடங்கில் பாடுவதையும் பாட்டு ஒலிபரப்புவதையும் சட்டம் மீறலாகக் கருதுவதில்லை. கல்யாண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 2023இல் மத்திய அரசும் இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. ஹோட்டலில் நடக்கும் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு இந்த விலக்கு கிடையாது. கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டைச் சேர்த்து யூட்யூபில் ஏற்றுவதும் மண்டபத்தில் பாட்டுப் போடுவதும் ஒன்றல்ல; அந்த வீடியோவின் ஒலி நிறுத்தப்பட்டால் வியப்படைய வேண்டாம்.

மார்கழியில் சபாக்கள் கச்சேரியை நேரலையில் விடத் தொடங்கியதிலிருந்து இன்னொரு தலைவலி. 1847இல் மறைந்த தியாகராஜரின் கிருதிக்கு உரிமையாளர் யாரும் இல்லை. ஆனால் அதே கிருதியைப் பெரிய வித்வான் ஒருவர் பாடி நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உரிமை உண்டு. யூட்யூபின் தானியங்கிப் பொறி ராகத்தையும் சாகித்யத்தையும் ஒப்பிட்டு, இளம் பாடகி தானே பாடியதைக்கூட அந்த ஒலிப்பதிவு என்று நினைத்துவிடுகிறது. அந்தக் கோரிக்கையை மறுத்து எழுத முடியும், எழுத வேண்டும். எதிர்ப்பு வராததாலேயே பல தவறான கோரிக்கைகள் நிலைத்துவிடுகின்றன.

அதே சமயம், கர்நாடக இசை என்றாலே எல்லாம் பொது என்று நினைக்கக் கூடாது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், அவர் கீர்த்தனங்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. லால்குடி ஜெயராமனின் தில்லானாக்களுக்கு 2073 வரை. தொழில்முறையில் இல்லாத குழு, கட்டணம் வாங்காமல் நடத்தும் நிகழ்ச்சிக்கும் கோயில் போன்ற சமய நிறுவனத்தின் நலனுக்காக நடத்தும் நிகழ்ச்சிக்கும் விலக்கு உண்டு. டிக்கெட் விற்கும் சபா அந்த விலக்கைக் கோர முடியாது.

பிடிஎஃப் என்ற பழக்கம்

தமிழ் எழுத்தாளரை இன்று அதிகம் காயப்படுத்துவது வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் பிடிஎஃப். ஆயிரம் பிரதி விற்றாலே பெரிய விஷயமாக இருக்கும் மொழியில், வெளியான மாதமே ஸ்கேன் செய்து ஆயிரக்கணக்கானோர் இருக்கும் குழுவில் போடுகிறார்கள். போடுகிறவர் பெரும்பாலும் கெட்டவர் அல்ல, வாசிப்பைப் பரப்புவதாக நம்புகிறவர். நான் காசு சம்பாதிக்கவில்லையே என்பார், ஆசிரியர் பெயர் போட்டிருக்கிறேனே என்பார். இரண்டுமே சட்டத்தில் பதில் ஆகாது.

சட்டம் விட்டுவைத்திருக்கும் இடம் சிறியதல்ல. உங்கள் சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும், விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும், நடப்புச் செய்தி சொல்லவும் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு வரி, எத்தனை வினாடி என்று எண்ணிக்கை எதுவும் சட்டத்தில் இல்லை. முப்பது வினாடி வரை பாட்டு போடலாம் என்பது வெறும் வதந்தி. நாவல் ஒன்றை விமர்சிக்க நாலு பத்தி மேற்கோள் காட்டலாம், முழு அத்தியாயத்தைப் போட்டு அடியில் "அருமை" என்று எழுதினால் அது விமர்சனம் ஆகாது. வகுப்பில் பாடம் நடத்த ஆசிரியர் பிரதி எடுக்கலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜெராக்ஸ் கடை மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்துப் பிரதி எடுப்பது குற்றமல்ல என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு பாடத்திட்டத்தோடு கட்டுண்டது. நாவலை முழுதாக ஜெராக்ஸ் எடுத்துத் தைத்து விற்க அது அனுமதி தரவில்லை.

பார்வையற்றவர்களுக்காக ஒரு நூலை ஒலி வடிவிலோ பிரெயிலிலோ மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். லாபம் இல்லாமல் செய்ய வேண்டும், அவர்களுக்கு மட்டும் போக வேண்டும், அவ்வளவுதான். இதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. நம் எழுத்தாளர்களிடம் இதைச் சொன்னால் மகிழ்ச்சியோடு தங்கள் கோப்பையே கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் படைப்பைத் திருடிவிட்டால்

முதல் வேலை, ஆதாரம் எடுத்து வைப்பது. இணையத்தில் இருந்தால் முகவரியும் தேதியும் தெரியும்படி திரைப்பிடி. அப்புறம் அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார். புகார் முறையாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அதைப் பார்க்க முடியாதபடி செய்ய வேண்டும். அந்தத் தடை 21 நாள் நிற்கும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கிக் கொடுக்காவிட்டால் தளம் அதைத் திரும்பப் போட்டுவிடலாம். ஆகவே புகார் அனுப்பும் நாளிலேயே வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது.

வழக்குப் போட, திருடியவர் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம் என்று பதிப்புரிமைச் சட்டம் தனிச் சலுகை கொடுத்திருக்கிறது. சென்னையில் உயர் நீதிமன்றமே 2023 முதல் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது. மீறல் குற்றமும்கூட. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். 2022இல் உச்ச நீதிமன்றம் இது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று தெளிவுபடுத்தியது. இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம்.

பெரும்பாலான விஷயங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. எந்த உரிமை உங்களுடையது, எந்த ஆண்டு எழுதியது, ஒப்பந்தத்தின் எந்த வரி அதை உங்களிடமே விட்டிருக்கிறது என்று மூன்று பத்தியில் தெளிவாக எழுதிய ஒரு கடிதத்துக்கே எதிர்த்தரப்பு பல சமயம் இறங்கி வரும். அந்தக் கடிதத்தை எழுத, ஒப்பந்தத்தின் உங்கள் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட அன்றே இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.